பாய் நனைந்த மாதம்

பெங்களூர்
20 ஜூன் 2004

சுலோசனாவுக்கு,

இதோடு நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை என்ன எழுதினாலும் தபாலில் சேர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச்சில் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியது தப்புதான். நம்ம சடையப்பன் அண்ணன் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் செக்யூரிட்டியாக இருக்கிறார். அவர் சொல்லி அங்கேயே எனக்கும் வேலை கிடைத்தது. எலி வளர்க்கும் கட்டடம். நானூறு கூண்டு இருக்கும். உமி மாற்ற வேண்டும், தீனி போட வேண்டும், தண்ணீர்ப் புட்டி நிரப்ப வேண்டும். பிளஸ் டூ படித்திருப்பதால் கூண்டு மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க முடிகிறது. வெயில் கிடையாது. உப்பளத்தில் நின்று காலில் வந்த உப்புப் புண் ஆறிவிட்டது.

அடுத்ததை எழுதுவதா வேண்டாமா என்றுதான் மூன்று கடிதம் கிழிந்தது. இந்த எலிகளுக்குச் சர்க்கரை நோய் வருகிறது. யாரும் எதுவும் கொடுப்பதில்லை. பிறந்து மூன்று நான்கு மாதத்தில் தானாக வந்துவிடுகிறது. நம்ம பெரியவள் இலக்கியாவுக்கு வந்ததே, அதே வகைதான் என்கிறார்கள். சேரும்போது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று வேலையை விட்டுவிடலாம் என்று கேட் வரைக்கும் வந்துவிட்டேன். ஏனோ போகவில்லை.

நிவேதாவை ஒண்ணாவது சேர்த்தாயா? உனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அவளைவிட்டாவது இரண்டு எழுத்து எழுதச் சொல்.

பாலகுரு

*

மரக்காணம்
11 ஜூலை 2004

நிவேதாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் உப்பளத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

நிவேதாவை ஒண்ணாவது சேர்த்துவிட்டேன். அவளுக்கு எழுத்து வரும்போது எழுதுவாள். இப்போது நானே எழுதுகிறேன்.

எலிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். என் கையால் இங்கே யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். பிப்ரவரி பதினேழாம் தேதி புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் அம்மா, என் அண்ணன், துணைக்கு வந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் நிற்க, “சர்க்கரத் தண்ணியா ஊத்தி எம்பொண்ண கொன்னுட்டா இவ” என்று கத்தினீர்களே, அது ஊருக்கு நமக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. பாத்தியில் உப்பு வாரும்போது யாராவது தாகம் என்றால் நான் குடத்தைத் தூக்குவேன். “இருக்கட்டும் சுலோசனா, அப்பறமா குடிச்சிக்கறேன்” என்பார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் மட்டும் என்னைக் கேட்காமலே குடத்தைச் சாய்த்துக் குடிக்கிறாள்.

பிள்ளை தாகம் தாகம் என்று துடித்தது. எத்தனை சொம்பு குடித்தும் அடங்கவில்லை. ஆள் ஒட்டிப்போயிருந்தாள். வெயிலில் கிறங்கி விழுகிறவர்களுக்குக் குளுகோஸ் கலந்து கொடுப்போம். அதைத்தான் அவளுக்கும் கொடுத்தேன். நானும் ராத்திரி பகலாக அதையே நினைக்கிறேன். கொடுக்காமல் இருந்திருந்தால் இருந்திருப்பாளோ என்று. இதை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலியைப் பற்றி இனி எனக்கு எழுதாதீர்கள்.

சுலோசனா

*

பெங்களூர்
5 செப்டம்பர் 2004

சுலோசனாவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

எங்கள் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர் டாக்டர் சிவப்பிரகாசம். விழுப்புரம் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். போன வாரம் அவருடைய அறையில் குப்பைக்கூடை எடுக்கப் போனபோது துணிந்து கேட்டுவிட்டேன்.

“சார், இந்த நோய் வந்த புள்ளைக்கு சர்க்கரத் தண்ணி குடுத்தா செத்துடுமா சார்?”

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “யாருக்கு குடுத்தாங்க?” என்றார்.

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

“கணையம்னு வயித்துல ஒண்ணு இருக்குது பாலகுரு. அதுல சின்னச் சின்ன திட்டா சில செல்லுங்க. இன்சுலின் செய்யறது அதுங்க மட்டும்தான். உடம்புல காவலுக்குன்னு வெள்ளை அணுக்கள் இருக்குதில்ல, அது இந்த செல்லுங்கள பகைன்னு நெனச்சிக்கினு கொஞ்சங் கொஞ்சமா அழிச்சிடும்.”

“எத்தினி நாள்ல சார்?”

“மாசக்கணக்கு. வருஷக்கணக்காக் கூட. வெளிய ஒண்ணுமே தெரியாது. தாகம் எடுக்க ஆரம்பிக்கறப்ப முக்கால்வாசி போயிருக்கும். உங்க வீட்ல குடுத்த தண்ணியால சர்க்கரை அந்த நேரத்துக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா நோய் அதால வரல. உயிரும் அதால போகல. இன்சுலின் இல்லாமப் போச்சு. அத யாரும் கண்டுபுடிக்கல. அவ்வளவுதான்.”

சுலோ, அவ்வளவுதான் என்றார். நான் வராந்தாவில் கத்தினது எதுவும் உண்மை இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு எலிக்கு நோய் வந்துவிட்டதை டாக்டருக்கு முன்னால் நான்தான் கண்டுபிடிக்கிறேன். காலையில் கூண்டைத் தொட்டால் உமி நனைந்திருக்கும். முந்தின நாள் காய்ந்திருந்த கூண்டு மறுநாள் சொதசொதவென்று இருந்தால், அந்தச் சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கும்.

ஜனவரி மாதம் முழுக்க இலக்கியாவின் பாய் நனைந்தது. ஒன்பது வயசுப் பெண் பாயில் மூத்திரம் போகிறாளே என்று எனக்கு அவமானமாக இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் காலையில் நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். நான் அவளை அடித்தேன். முதுகில் இரண்டு, காலில் ஒன்று. “வேணும்னு போகலப்பா, வந்துடுதுப்பா” என்றாள். அப்போதும் ஒன்று வைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. வராந்தாவில் உன்னைச் சொன்னேன். என்னைச் சொல்லவில்லை.

பாலகுரு

*

மரக்காணம்
17 அக்டோபர் 2004

நிவேதாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அடித்தது எனக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது கால் சிவந்திருந்தது. “கீழ விழுந்துட்டேம்மா” என்றாள். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பாயைத் துவைத்தவள் நான். தினமும் துவைத்தேன், தினமும் திட்டினேன். எனக்கும் தெரியவில்லை.

கடிதத்தை அந்தோணியம்மாள் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. முதல் பக்கத்துக்கு மேல் கண் போகவில்லை. படித்து முடித்துவிட்டு, “எட்டு மாசமா இந்த ஆளு இத உள்ளயே வெச்சிக்கினு இருந்துதா?” என்றாள்.

டாக்டர் சொன்னதை நீங்கள் எனக்கு எழுதினால் போதாது. என்னைக் கொலைகாரி என்று சொன்னது ஊருக்கு முன்னால். இல்லை என்று சொல்வது மட்டும் கவருக்குள்ளேயா? உங்கள் அம்மா இன்னும் நிவேதாவை என் கையால் சாப்பிட விடுவதில்லை. வந்து அவர்களிடம் சொல்லுங்கள். தபாலில் சொல்லாதீர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை இல்லை. பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் களை எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சுலோசனா

*

மரக்காணம்
19 ஜனவரி 2005

நிவேதாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு இரண்டு நாள் நிவேதா வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது பழையபடி ஆகிவிட்டாள்.

குப்பத்தில் இன்னும் படகுகளை இழுத்து நிமிர்த்திக்கொண்டு இருக்கிறார்கள். கடல் கழிமுகம் வழியாக ஏறி வந்ததில் நம் பக்கம் உயிருக்கு ஒன்றும் இல்லை என்றாலும் பாத்தி வரப்பு எல்லாம் கரைந்து சேறாகிவிட்டது. அந்தச் சேற்றை வாரிக் கொட்டத்தான் இப்போது கூப்பிடுகிறார்கள். சீசன் ஏப்ரலுக்கு முன்னால் தொடங்காது என்கிறார் மேஸ்திரி.

சுனாமி என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. நிவாரண அரிசி வாங்க நின்ற வரிசையில் உங்கள் அம்மாவிடம், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “சுலோசனா மேல தப்பு இல்லம்மா, டாக்டரே சொல்லிட்டாரு, நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்” என்று சொன்னீர்கள். அத்தை “சரி வுடு, போனது போச்சு” என்றார்கள். வரிசை நகர்ந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டு இருந்தேன். இறங்கவில்லை. அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அசதியாக இருந்தது.

நிவேதாவைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தீர்களே, அதற்கு என்ன பதில் வந்தது? “அக்காவுக்கு வந்ததால சும்மா பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

சுலோசனா

*

பெங்களூர்
6 பிப்ரவரி 2005

சுலோசனாவுக்கு,

நிவேதாவுக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதே.

தலைக்கு மேல் வேலை. பிறகு எழுதுகிறேன்.

பாலகுரு

*

பெங்களூர்
24 ஜூலை 2005

சுலோ,

பிப்ரவரியில் நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. ஐந்தரை மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அன்று எடுத்த ரத்தத்தில் இரண்டு சோதனை. சர்க்கரை ஒன்று. அது சரியாக இருந்தது. இன்னொரு குழாயை டாக்டர் சிவப்பிரகாசம் கேட்டுக்கொண்டபடி இங்கே கொண்டுவந்தேன். நோய் வந்த பிள்ளைகளின் தம்பி தங்கைகளைப் பார்க்கும் ஆராய்ச்சி அது. அப்பா என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்சுலின் செய்யும் செல்களை எதிர்க்கிற பொருள் நிவேதாவின் ரத்தத்தில் இருக்கிறது. ஒன்று அல்ல, இரண்டு விதம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

“எப்ப வரும் சார்?” என்று கேட்டேன். “ஒரு வருஷமோ, பத்து வருஷமோ. வராமலும் போகலாம். ஆனா ரெண்டு இருந்தா அனேகமா வந்துடும்” என்றார்.

நிறுத்த மருந்து இல்லை. உலகத்தில் எங்கேயும் இல்லையாம்.

போன மாதம் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். நான் தீனி போட்ட எலியின் கணையம்தான். நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. சுற்றிலும் நீலப் புள்ளிகள் மொய்த்துக்கிடந்தன. நீலம் எல்லாம் காவல் அணுக்கள் என்றார். “எதுக்கு சார் இதுங்க தேடிக்கினு வருது? இந்த செல்லுங்க என்ன பண்ணுச்சு?” என்று கேட்டேன்.

“அதத்தான் பாலகுரு நாங்க எல்லாம் மண்டைய ஒடைச்சிக்கறோம். முன்ன எல்லாம் இந்த செல்லுங்க சும்மா அடி வாங்கிச் சாவுதுன்னு நெனச்சோம். இப்ப அப்படித் தெரியல. தான் செய்யற இன்சுலின்லயே துண்டு துண்டா எடுத்து அதுங்களே வெளிய காட்டுது. அதப் பாத்துதான் காவல் வருது. வேலை பளு ஏற ஏற இன்னும் அதிகமா காட்டுது. உதவின்னு கூப்பிடற மாதிரி சில ரசாயனம் வேற வுடுது. கூப்பிட்டா ஆளுங்க வந்து இதையே அடிக்கறாங்க. பாதி செத்தா மீதிக்குப் பளு ரெண்டு மடங்கு.”

“அப்ப தப்பு யார் மேல சார்? காவல் மேலயா, செல்லு மேலயா?”

“தப்புன்னு பாத்தா யார் மேலயும் இல்ல. ரெண்டுமே அதுஅது வேலையத்தான் செய்யுது.”

இவ்வளவையும் உனக்கு எழுதக் காரணம், நீ உன் வயிற்றையோ உன் கையையோ இதில் சேர்க்கக் கூடாது என்பதுதான். இத்துடன் சிறுநீர் பார்க்கும் பட்டை ஒரு டப்பா வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் சிறுநீரில் ஒன்றை நனைத்துப் பார். நீலமாகவே இருந்தால் ஒன்றும் இல்லை. பச்சை, காவி என்று மாறினால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதே. அன்றைக்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறு.

பாலகுரு

*

மரக்காணம்
14 ஆகஸ்ட் 2005

நிவேதாவின் அப்பாவுக்கு,

டப்பா வந்தது. கடிதமும் வந்தது.

ஐந்தரை மாதம் நீங்கள் சுமந்தீர்கள். இப்போது இறக்கி என் தலையில் வைத்துவிட்டீர்கள். தடுக்க மருந்து இல்லை என்றால் எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவள் ஓடிவந்து தண்ணீர் கேட்டால் எத்தனையாவது சொம்பு என்று எண்ணுகிறேன். வெயிலில் ஆடிய பிள்ளை தண்ணீர் கேட்காமல் வேறு என்ன கேட்கும்? நேற்று இரண்டு சொம்பு குடித்தாள். மூன்றாவது கேட்டபோது “போதும்டி” என்று சொம்பைப் பிடுங்கிவிட்டேன். பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு நானே மொண்டு கொடுத்தேன்.

என் பிள்ளையின் ரத்தத்தை என்னிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எலிக்குச் சீட்டு ஒட்டுவது மாதிரி ஒட்டியிருக்கிறீர்கள்.

பட்டையை நனைத்தேன். நீலம்தான்.

அந்தச் செல்கள் பற்றி எழுதியதை அந்தோணியம்மாளிடம் சொன்னேன். “பாதி ஆளு நின்னுட்டா மீதி ஆளுக்கு ரெட்டை சுமை, நம்ம மேஸ்திரி கணக்குதான்” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்தது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சுலோசனா

*

பெங்களூர்
20 நவம்பர் 2005

சுலோ,

நடந்ததை மறைக்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன்.

இங்கே ஒரு கூட்டம் எலிக்குட்டிகளுக்கு, நோய் வருவதற்கு முன்பே, தினமும் கொஞ்சம் இன்சுலின் போட்டு வந்தார்கள். வெளியில் இருந்து இன்சுலின் வந்தால் உள்ளே இருக்கும் செல்களுக்கு ஓய்வு கிடைக்கும், ஓய்வு கிடைத்தால் காவலைக் கூப்பிடாது என்று கணக்கு. ஊசி போட்டுப் போட்டு எனக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த வரிசையில் பெரும்பாலான கூண்டுகள் காய்ந்தே இருந்தன. மற்ற வரிசைகள் நனைந்துகொண்டே வந்தன. என் கையால் தொட்டுப் பார்த்தது அது.

போன வெள்ளிக்கிழமை ஒரு இன்சுலின் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு சிரிஞ்சும். லீவு சொல்லிவிட்டு மரக்காணம் வந்து நிவேதாவுக்குப் போடுவது என்று நினைத்தேன். கேட்டில் சடையப்பன் அண்ணன்தான் டியூட்டி. என்னைச் சோதனை போடமாட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்பா, ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்டார். அதற்கு மேல் நடக்க முடியவில்லை. திரும்பிப் போய் டாக்டர் மேஜையில் பாட்டிலை வைத்து உண்மையைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. “மனுஷங்களுக்கும் போட்டுப் பாத்துட்டாங்க பாலகுரு. வெளிநாட்ல, உம்பொண்ணு மாதிரியே ரத்தத்துல காட்டுன நூத்துக்கணக்கான பேருக்கு, அஞ்சாறு வருஷம் பாத்தாங்க. தள்ளிப்போகல. எலிக்கு நின்னுது, மனுஷனுக்கு நிக்கல. நல்லா ஓடி ஆடற கொழந்தைக்கு நீ அளவு தெரியாம இதப் போட்டிருந்தா சர்க்கரை எறங்கி மயங்கியிருப்பா. எழுப்ப யாரும் இல்லன்னா உயிரே போயிருக்கும்” என்றார்.

ஒரு பிள்ளை போன பிறகும் நான் இன்னும் அதே ஆள்தான். என்னமோ ஒன்று செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கிறது. யாரையாவது அடிக்க வேண்டும், யாரையாவது திட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி போட வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. நீ அங்கே தனியாக அதைத்தான் செய்துகொண்டு இருக்கிறாய்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாட்டில் இருக்கும் அறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பாலகுரு

*

மரக்காணம்
12 மார்ச் 2006

நிவேதாவின் அப்பாவுக்கு,

வந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்றாம் தேதி புதன்கிழமை. நான் பாத்தியில் நின்றுகொண்டு இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து செந்தமிழ் டீச்சர் சைக்கிளில் வரப்பு வரைக்கும் வந்துவிட்டார். “நிவேதா அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. காலைலேருந்து ஆறு வாட்டி ஒண்ணுக்குப் போறேன்னு எழுந்து போயிட்டா. கொழாயடியிலேயே நிக்கறா. நீங்கதான் அப்படி ஏதாவது தெரிஞ்சா சொல்லச் சொன்னீங்களே” என்றார்.

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்கு அழைத்துவந்து பட்டையை நனைத்தேன். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நீலம் பச்சையாகி, பச்சை காவியாகி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கவில்லை. இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நீலம் என்று தெரிகிற வரைக்கும் மூச்சு விடமாட்டேன். பிப்ரவரியில் சீசன் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னார்கள். உடம்பு தாங்கவில்லை. ஒரு வாரம் பார்க்காமல் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றியது. அது மூன்று வாரம் ஆகிவிட்டது. வராந்தாவில் அன்று சொன்னதை இன்றைக்குச் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தோணியம்மாள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். ஈசிஆரில் நின்று கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பிள்ளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உப்புக் குவியலை எண்ணிக்கொண்டே வந்தாள். இலக்கியாவை இதே வழியில் கொண்டுபோனபோது அவளுக்குக் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வாங்கியது. அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “முன்னூத்தி எண்பது. ரத்தத்துல அமிலம் இன்னும் ஏறல. நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க. எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். அந்தோணியம்மாள்தான், “இவங்க வீட்டுக்காரரு பெங்களூர்ல இதுக்கான ஆராய்ச்சில இருக்காருங்க” என்றாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

எட்டு நாள் வைத்திருந்து ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் எலுமிச்சம்பழத்தில் போடப் பழக்கினார்கள். பிறகு பிள்ளையின் தொடையில். இப்போது காலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று போடுகிறேன். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது, மண் சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்னப் பானையை வைத்து மருந்தை வைக்கச் சொன்னார்கள். அப்படியே வைத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா வந்தார்கள். நான் ஊசி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நான் போட்ட சோற்றை நிவேதாவுக்குத் தானே பிசைந்து ஊட்டினார்கள்.

நேற்று நிவேதா கேட்டாள். “எத்தினி நாளைக்கும்மா இந்த ஊசி?” நான் பானையை எடுத்து வைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்ன சொல்வது என்று எழுதுங்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டாவது எழுதுங்கள்.

சுலோசனா

*

பெங்களூர்
19 மார்ச் 2006

சுலோ,

உன் கடிதத்தை எலிக் கட்டடத்து வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதை முதலில் எழுதினாயே, அதற்கு நன்றி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கு இங்கே சம்பளம் கொடுத்து, கையுறை கொடுத்து, பார்க்கச் சொல்கிறார்கள். அப்படியும் நனைந்த கூண்டை எத்தனையோ தடவை தவறவிட்டிருக்கிறேன். நீ உப்பு வாரிவிட்டு வந்து, தனியாக, ஆறு மாதம் பார்த்திருக்கிறாய். டீச்சரிடம் சொல்லிவைத்தது நீ. கண் திறந்திருக்கும்போதே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீ.

டாக்டரிடம் நிவேதா கேட்டதைச் சொன்னேன். “தினமும்னு சொல்லிடுங்க. புள்ளைங்ககிட்ட பொய் சொன்னா அப்பறம் ஊசியையே நம்பமாட்டாங்க” என்றார். கொஞ்ச நாள் ஊசியின் அளவு குறைந்துகொண்டே வருமாம். மிச்சம் இருக்கிற செல்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி வேலை செய்யுமாம். நோய் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே, ஊசியை நிறுத்தாதே. அதுவும் கொஞ்ச காலம்தான், பிறகு அதுவும் தீர்ந்துவிடும் என்றார்.

இந்த மாதக் கடைசியோடு கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன். எலிகளை வேறு ஆளிடம் ஒப்படைத்தாகிவிட்டது. உப்பளத்தில் மேஸ்திரி சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் சுமை தூக்குகிறேன். நீ வர வேண்டாம் என்றால் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். ஊசி நேரத்துக்கு மட்டும் வந்துபோகிறேன்.

பாலகுரு

*

மரக்காணம்
26 மார்ச் 2006

நிவேதாவின் அப்பாவுக்கு,

பெரியம்மா வீட்டில் எல்லாம் தங்க வேண்டாம். நான் காலை ஐந்து மணிக்கே பாத்திக்குப் போக வேண்டும். காலை ஊசியைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆள் வேண்டும். நான் மறுபடி வேலைக்குப் போனதிலிருந்து அந்தோணியம்மாள் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் வேலை இருக்கிறது. காலை உங்களுடையது, சாயங்காலம் என்னுடையது. இதற்குமேல் எதையும் இப்போது பேசத் தெம்பு இல்லை. நீங்களும் வந்த உடனே மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதீர்கள்.

வரும்போது சிரிஞ்ச் வாங்கி வாருங்கள். இங்கே எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். தினமும் என்றேன். “பெரிய பொண்ணா ஆனாலுமா?” என்றாள். ஆமாம் என்றேன். அழவில்லை. “அப்ப நானே கத்துக்கறேன்” என்றாள். இன்று சாயங்காலம் ஊசியைத் தொடையில் குத்திப் பிடித்துக்கொண்டது நான். அமுக்கியது அவள். மெதுவாக, பத்து வரைக்கும் எண்ணி அமுக்கினாள். எடுத்த பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்து, “ஏம்மா இப்படி நடுங்குது, போய் படும்மா, நான் பானைய மூடி வெக்கறேன்” என்றாள்.

போய்ப் படுத்தேன்.

சுலோசனா